ஸ்பானிய மொழி நாடுகளில் செஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ் வகுப்பில் ரூய் லோபஸ் திறப்பை (ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களுக்கான ஒரு முறை) சொல்லிக்கொடுக்கும் நாளில் தவறாமல் ஒரு கை உயரும். "சார், லோபஸ்னா யாரு?" அங்கே தொடங்கி, பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்பெயின், கியூபா, அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகளின் கதை இது. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. வெளியிலிருந்து வந்தவருக்கு உட்கார இடமும் எதிரே ஒரு பலகையும் கிடைத்த காலங்களில்தான் அந்த நாடுகளில் செஸ் பெரிதாக வளர்ந்திருக்கிறது.

இந்தியாவில் பிறந்த ஆட்டம் ஸ்பெயினுக்கு எப்படிப் போனது?

அரபிக்காரர்கள் வழியாக. இங்கே சதுரங்கம் என்று இருந்தது பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் நுழைந்தன. அதன்பின் பல நூற்றாண்டுகள் தெற்கு ஸ்பெயின் அரபி பேசும் அரசுகளின் கையில் இருந்தது. கோர்தோபா போன்ற நகரங்களில் வேரூன்றிய ஆட்டம் மெல்ல வடக்கே கிறித்தவ அரசுகளுக்கும் பரவியது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தலோனியாவில் ஊர்ஹெல் பகுதியை ஆண்ட பிரபு ஒருவர், தம்மிடமிருந்த செஸ் காய்களைத் தேவாலயம் ஒன்றுக்குக் கொடுக்கும்படி உயில் எழுதினார். ஐரோப்பாவில் செஸ் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. உயிலில் எழுதிவைக்கும் அளவுக்குக் காய்கள் விலைமதிப்பான பொருளாக இருந்திருக்கின்றன.

அரபிப் பெயர் பழைய ஸ்பானியத்தில் 'அசெத்ரெஷ்' என்று திரிந்து, இன்று 'அஹெத்ரெஸ்' என்று வழங்குகிறது. நம் சதுரங்கமும் அவர்களுடைய அஹெத்ரெஸும் ஒரே சொல்தான்.

காய்களுக்கு அங்கே என்ன பெயர்?

வகுப்பில் நான் மிகவும் ஆசையாகச் சொல்லும் பகுதி இது. நாம் பிஷப் என்று சொல்லும் காயை ஸ்பானியத்தில் 'அல்ஃபில்' என்பார்கள். அரபியில் 'அல்-ஃபீல்' என்றால் யானை. ஆங்கிலேயர்கள் அந்தக் காயைப் பாதிரியார் ஆக்கிவிட்டார்கள், ஸ்பானியர்கள் யானையாகவே வைத்துக்கொண்டார்கள். நம்மில் பலர் மூலையில் நிற்கும் ரூக்கை யானை என்கிறோம், அங்கே இரண்டு கட்டம் தள்ளி நிற்பவர்தான் யானை. இன்று மாட்ரிட்டில் ஒரு சிறுவன் 'அல்ஃபில்' என்று சொல்லி அந்தக் காயை நகர்த்தும்போது, இந்தியப் போர்க்களத்து யானையைத்தான் நகர்த்துகிறான். அவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

ரூக்குக்கு 'தோர்ரே', அதாவது கோபுரம். குதிரை குதிரைதான், 'கபாயோ'. ராணிக்கு 'தாமா', சீமாட்டி. செக் சொல்வதற்கு 'ஹாகே', இது பாரசீக 'ஷா'விலிருந்து, அதாவது ராஜா என்ற சொல்லிலிருந்து வந்தது. டிராவுக்கு 'தப்லாஸ்'. ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் கேஸ்லிங்குக்கு 'என்ரோகே'. ரூக்கின் பழைய பெயரான 'ரோகே' பேச்சிலிருந்து மறைந்துவிட்டாலும் இந்த ஒரு சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அல்ஃபோன்சோ மன்னரின் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்பெயினின் பெரிய கிறித்தவ அரசுகளில் ஒன்றான காஸ்தீயாவின் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவை 'அறிஞர்' என்று அழைப்பார்கள். செஸ், பகடை, தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதவைத்த பெரிய ஓவியச் சுவடி 1283இல் செவில் நகரில் முடிந்தது. அடுத்த வருடமே மன்னர் இறந்துவிட்டார். சுவடி இன்று மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் உள்ள எல் எஸ்கோரியல் மடாலய நூலகத்தில் இருக்கிறது. அதில் 103 செஸ் புதிர்கள். பெரும்பாலானவை அரபி மரபிலிருந்து வந்தவை.

புத்தகம் ஒரு கதையோடு தொடங்குகிறது. கதை நடக்கும் இடம் இந்தியா. ஒரு ராஜாவிடம் மூன்று அறிஞர்கள். வாழ்க்கைக்கு அறிவுதான் முக்கியம் என்கிறார் ஒருவர், அதிர்ஷ்டம்தான் என்கிறார் இன்னொருவர், இரண்டும் சேர வேண்டும் என்கிறார் மூன்றாமவர். நிரூபித்துக் காட்டுங்கள் என்று ராஜா சொல்ல, முதலாமவர் செஸ் பலகையையும், இரண்டாமவர் பகடையையும், மூன்றாமவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகையையும் கொண்டுவருகிறார்கள்.

முன்னுரையில் இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். குதிரை ஏறி விளையாட முடியாதவர்கள், வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள், வெளியே போக இயலாத பெண்கள், சிறையில் இருப்பவர்கள், கடலில் பயணம் செய்பவர்கள் ஆகியோருக்காக உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் வேண்டும் என்கிறது அது. 740 வருடங்களுக்கு முன்னால் ஓர் அரசவையில் இப்படி யோசித்திருக்கிறார்கள்.

ஓவியங்களைப் பார்த்தால் அந்த நாட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பது தெரியும். தலைப்பாகை கட்டிய முஸ்லிம்கள், யூதர்கள், கிறித்தவப் பிரபுக்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் பலகைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு படத்தில் கூடாரத்துக்குள் ஒரு கிறித்தவரும் ஒரு முஸ்லிமும் ஆடுகிறார்கள். வெளியே இரு தரப்புக்கும் இடையே போர்கள் ஓயாத காலம் அது.

ராணிக்கு இவ்வளவு பலம் எப்போது வந்தது?

இதற்கு விரிவாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும். இன்று நாம் ஆடும் செஸ் பிறந்த இடம் இதுதான்.

பழைய ஷத்ரஞ்சில் ராணி கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி, அதுவும் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் போகும். பிஷப் இருக்கும் இடத்தில் நின்ற யானை மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாண்டும், அதற்கு மேல் முடியாது. அதனால் இரு படைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவே நிறைய நேரம் ஆகும். ஐரோப்பாவில் மந்திரி ராணியாக மாறிய பிறகும் நடை மாறவில்லை, அதே ஒரு கட்டம்தான்.

அந்த நடை மாறியதற்கு எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று வலென்சியா நகரத்தில் 1475 வாக்கில் எழுதப்பட்ட ஒரு கவிதை. ஃபிரான்சி தெ காஸ்தெல்வி, நர்சிஸ் விண்யோலஸ், பெர்னாட் ஃபெனொய்யார் என்று மூன்று கவிஞர்கள் சேர்ந்து எழுதியது. ஒருவர் செவ்வாய்க் கடவுளாக வெள்ளைக் காய்களை நகர்த்துகிறார், இன்னொருவர் காதல் தெய்வமான வீனஸாகக் கறுப்பை நகர்த்துகிறார், மூன்றாமவர் நடுவராக இருந்து விதிகளைச் சொல்கிறார். பலகையில் 64 கட்டம், கவிதையிலும் 64 பாடல்.

அந்தக் கவிதையில் வரும் ஆட்டத்தை நீங்களே பலகையில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறுகிறது. கறுப்பு ராணியின் சிப்பாய் எதிரே வந்து நிற்கிறது. வெள்ளை வெட்ட, கறுப்பு ராணி திருப்பி வெட்டுகிறது. இன்று ஸ்காண்டிநேவியன் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் அதே தொடக்கம்! எட்டாவது நகர்த்தலில் வெள்ளை ராணி பலகையின் குறுக்கே ஒரே பாய்ச்சலில் போய் எதிரியின் சிப்பாயைப் பறிக்கிறது. பழைய விதியில் இதை நினைத்தே பார்க்க முடியாது. 21ஆவது நகர்த்தலில் அதே ராணி செக்மேட் சொல்லி முடிக்கிறது. வகுப்பில் இதை ஆடிக்காட்டும்போது பிள்ளைகள், "சார், இது நார்மல் கேம்தானே?" என்பார்கள். ஆமாம், நார்மல் கேம்தான். அதற்கு முன்னால் அப்படி ஒன்று இருந்ததில்லை என்பதுதான் விஷயம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கவிதை ஸ்பானியத்தில் எழுதப்பட்டதல்ல. வலென்சியாவில் பேசும் கத்தலான் மொழியில் எழுதப்பட்டது. ஸ்பானியச் செஸ் என்று பொதுவாகப் பேசும்போது இந்த மொழிக்காரர்களின் பங்கை விழுங்கிவிடக் கூடாது.

1495இல் அதே வலென்சியாவில் ஃபிரான்செஸ்க் விசென்ட் என்பவர் 100 செஸ் புதிர்களைக் கொண்ட புத்தகத்தை அச்சிட்டார். இன்று உலகத்தில் எங்கேயும் அதன் பிரதி கிடையாது. கடைசியாக இருந்ததாகத் தெரியும் இடம் மொன்சராட் மடாலயம், 1811இல் நெப்போலியனின் படைகள் அந்த மடாலயத்தைச் சூறையாடின. என்றாவது ஒருநாள் எங்காவது ஒரு பழைய அலமாரியிலிருந்து அது வெளியே வரும் என்று நம்பும் ஆட்களில் நானும் ஒருவன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1497இல், சலமான்காவில் வெளியான லூயிஸ் ராமிரெஸ் தெ லூசேனாவின் புத்தகம்தான் நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய அச்சுச் செஸ் நூல். பாதி காதலைப் பற்றியது, மீதி செஸ். 150 புதிர்களில் சில பழைய விதிப்படி, சில 'ராணிச் செஸ்' விதிப்படி. ஒரு விதி போய் இன்னொன்று வரும் நடுப்பொழுதை அப்படியே பிடித்துவைத்த புத்தகம். இரவில் ஒரே மெழுகுவர்த்தியில் ஆடினால் அதை உன் இடப்பக்கம் வைத்துக்கொள், எதிராளி நன்றாகச் சாப்பிட்டுக் குடித்துவிட்டு வந்த நேரமாகப் பார்த்து ஆடு என்பது போன்ற யோசனைகளும் அதில் உண்டு.

இசபெல்லா ராணியைப் பார்த்துத்தான் காய்க்குப் பலம் கொடுத்தார்களா?

அப்படிச் சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இசபெல்லா 1474இல் காஸ்தீயாவின் அரியணை ஏறினார், கவிதை அதையொட்டிய வருடங்களில்தான் வருகிறது. லூசேனாவும் தம் புத்தகத்தை அவருடைய மகன் இளவரசர் ஹுவானுக்குத்தான் சமர்ப்பித்தார். ஆனால் ராணியை மனதில் வைத்து விதியை மாற்றினோம் என்று அந்தக் காலத்தவர் யாரும் எழுதிவைக்கவில்லை. கேட்க அழகான கருத்து, ஆதாரம் கிடையாது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிவிடுவேன்.

சரி, லோபஸ் யார்?

ரூய் லோபஸ் தெ செகுரா ஒரு பாதிரியார். ஸ்பெயினின் மேற்கே உள்ள எஸ்த்ரெமதுரா பகுதியில் சாஃப்ரா என்ற ஊர்க்காரர். 1560இல் திருச்சபை வேலையாக ரோமுக்குப் போனவர், அங்கிருந்த நல்ல ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தார். அவர்களில் லெயோனார்தோ என்ற இளைஞரும் ஒருவர். அங்கே பரவலாக இருந்த தமியானோவின் செஸ் புத்தகத்தைப் பார்த்து அது போதாது என்று நினைத்து, ஊர் திரும்பி 1561இல் அல்கலா தெ எனாரெஸில் தம் சொந்தப் புத்தகத்தை வெளியிட்டார். ஒரு காயைப் பலிகொடுத்து வேகம் எடுப்பதை நாம் 'கேம்பிட்' என்கிறோமே, அந்தச் சொல்லைச் செஸ்ஸுக்குக் கொண்டுவந்தவர் இவர். மல்யுத்தத்தில் காலை இடறிவிடுவதற்கு இத்தாலியர்கள் வைத்திருந்த சொல் அது.

அவர் பெயரில் உள்ள திறப்பு அவர் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு முன்பே லூசேனாவின் புத்தகத்தில் இருக்கிறது. இவர் அதை ஆராய்ந்து விரிவாக எழுதினார், பெயர் நின்றுவிட்டது. ஸ்பெயினில் அதற்கு ரூய் லோபஸ் என்பதைவிட 'ஸ்பானியத் திறப்பு' என்ற பெயரே அதிகம்.

அப்புறம் 1575இல் அந்த லெயோனார்தோ மாட்ரிட்டுக்கே வந்து, இரண்டாம் பிலிப் மன்னரின் அவையில், லோபஸைத் தோற்கடித்தார். அதோடு ஐரோப்பியச் செஸ்ஸின் தலைமை இத்தாலியர் கைக்கு மாறியது. ஸ்பெயினில் பல தலைமுறைகளுக்கு அந்த அளவுக்கு ஒருவர் வரவில்லை.

இன்கா மன்னர் அட்டாவால்பா செஸ் ஆடினாரா?

பெருவில் இதைக் குழந்தைகளுக்கும் சொல்வார்கள். 1532இல் கஹமார்காவில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவின் ஆட்கள் அட்டாவால்பாவைச் சிறைபிடித்தார்கள். காவலிருந்த தளபதிகள் ஆடுவதை அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் எர்னாந்தோ தெ சோதோ குதிரையைத் தொடப்போனபோது, "அது வேண்டாம், ரூக்கை எடுங்கள்" என்று மெதுவாகச் சொன்னாராம். அவர் சொன்னபடி ஆடியதில் எதிரே இருந்த ரிகெல்மே தோற்றார். பின்னால் மன்னருக்கு மரண தண்டனை கொடுக்கலாமா என்ற வாக்கெடுப்பில், அந்த ரிகெல்மேயின் வாக்கு மரணத்தின் பக்கம் விழுந்தது.

இந்தக் கதையின் இன்றைய வடிவம் பல காலம் கழித்துப் பெரு எழுத்தாளர் ஒருவர் எழுதிவைத்தது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் படையெடுத்து வந்தவர்கள் கொண்டுவந்த ஆட்டத்தை, பிடிபட்டவர் பார்த்தே கற்றுக்கொண்டு அவர்களைவிட நன்றாக ஆடினார் என்று ஒரு நாடு சொல்லிக்கொள்ள விரும்புகிறது. அந்த விருப்பம் எனக்குப் புரிகிறது. அட்டாவால்பா 1533இல் கொல்லப்பட்டார் என்பது வரலாறு.

கம்ப்யூட்டருக்கு முன்பே ஸ்பெயினில் செஸ் ஆடும் இயந்திரம் இருந்ததா?

இருந்தது, உள்ளே ஆள் ஒளிந்திருக்கும் வித்தை எதுவும் இல்லாமல். பொறியாளர் லெயோனார்தோ தோரெஸ் கெவேதோ 1912இல் செய்தார், 1914இல் பாரிஸில் காட்டினார். இயந்திரத்திடம் வெள்ளை ராஜாவும் ஒரு ரூக்கும், மனிதரிடம் கறுப்பு ராஜா மட்டும். மின்சாரச் சுற்றுகளால் கறுப்பு ராஜா எங்கே நிற்கிறது என்பதை உணர்ந்து, தானே காயை நகர்த்தி, கடைசியில் செக்மேட் செய்துவிடும். எதிராளி தப்பாக நகர்த்தினால் விளக்கு எரியும், மூன்றாவது முறையும் தப்புச் செய்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடும். மிகக் குறைந்த நகர்த்தல்களில் முடிக்காது, ஆனால் முடிக்காமல் விடாது. அதை இன்றும் மாட்ரிட்டில் வைத்திருக்கிறார்கள்.

உலக சாம்பியன் கபபிளாங்கா போன்ற ஒருவர் கியூபாவில் எப்படி உருவானார்?

கியூபாவின் தலைநகர் ஹவானா அப்போதே செஸ் நகரம். உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸும் ரஷ்யாவின் சிகோரினும் பட்டத்துக்காக 1889இல் ஒருமுறையும் 1892இல் ஒருமுறையும் மோதியது அங்கேதான். இரண்டாவது மோதலின் 23ஆவது ஆட்டத்தில் சிகோரின் கையில் ஒரு காய் அதிகம். காவலுக்கு நின்ற பிஷப்பை அவர் அங்கிருந்து எடுத்தார். இரண்டே நகர்த்தலில் மேட் ஆகும் நிலை. பட்டம் வெல்லும் வாய்ப்பும் அதோடு போயிற்று. அப்போது அதே ஊரில் ஒரு பையனுக்கு மூன்று வயது.

ஹொசே ராவுல் கபபிளாங்கா பிறந்தது 1888 நவம்பர் 19. அப்பா ஸ்பானியப் படையில் அதிகாரி. ஐந்து வயது நிரம்பாத பையன், அப்பா நண்பரோடு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா குதிரையை வெள்ளைக் கட்டத்திலிருந்து வெள்ளைக் கட்டத்துக்கே நகர்த்திவிட்டார். எதிராளி கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பையன் சிரித்து, அப்பா தப்பாக ஆடினார் என்றான். உனக்குக் காய் அடுக்கவே தெரியாதே என்று அப்பா அதட்ட, உட்கார்ந்து ஆடி அவரைத் தோற்கடித்தான். இதைக் கபபிளாங்காவே பின்னால் எழுதியிருக்கிறார். குதிரை ஒவ்வொரு முறையும் நிறம் மாறிக் குதிக்க வேண்டும் என்பதை நான் சொல்லிக்கொடுப்பது இந்தக் கதையை வைத்துத்தான், அப்புறம் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

1901இல், 13 வயதை ஒட்டி, கியூபாவின் முன்னணி ஆட்டக்காரர் ஹுவான் கோர்சோவை நேர்மோதலில் வென்றார்: 4 வெற்றி, 3 தோல்வி, 6 டிரா. 1911இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் பெரிய போட்டி. பெயர்பெற்றவர்கள் மட்டும் ஆடும் இடத்தில் இந்த இளைஞன் எதற்கு என்று முதலில் ஆட்சேபித்தவர் பெர்ன்ஸ்டைன். முதல் சுற்றிலேயே அவரைத் தோற்கடித்து, போட்டியையும் வென்றார் கபபிளாங்கா. 1921இல் ஹவானாவில் உலக சாம்பியன் லாஸ்கரோடு 14 ஆட்டங்கள், 4 வெற்றி, 10 டிரா, ஒரு தோல்வியும் இல்லை. லாஸ்கர் 27 வருடமாக வைத்திருந்த பட்டம் கை மாறியது. 1916 பிப்ரவரியிலிருந்து 1924 மார்ச் வரை போட்டி ஆட்டங்களில் அவர் தோற்கவே இல்லை.

பட்டத்தை இழந்ததும் ஸ்பானிய மொழி பேசும் ஊரில்தான். 1927, பியூனஸ் அயர்ஸ், எதிரே அலெகைன். அதுவரை அலெகைன் அவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 34 ஆட்டங்களில் 25 டிரா, 6–3 என்று அலெகைன் வென்றார். மறுமோதல் கடைசிவரை நடக்கவில்லை. கபபிளாங்கா 1942இல் நியூயார்க்கில் இறந்தார். உடல் ஹவானாவுக்கு வந்தது. அவருடைய கல்லறைமேல் ஒரு பெரிய பளிங்கு ராஜா நிற்கிறது.

அர்ஜென்டினா எப்படிச் செஸ் வல்லரசு ஆனது?

ஒரு கப்பலும் ஒரு போரும் காரணம். 1939 ஆகஸ்ட்டில் பியூனஸ் அயர்ஸில் செஸ் ஒலிம்பியாட். ஐரோப்பிய அணிகள் பல 'பிரியாபோலிஸ்' என்ற கப்பலில் வந்து இறங்கின. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. இங்கிலாந்து அணி விலகிக்கொண்டது. அந்த அணியின் அலெக்சாண்டர், மில்னர்-பாரி, கோலம்பெக் மூவரும் பின்னால் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலைக்குப் போனார்கள். ஒருவரோடொருவர் ஆட மறுத்த அணிகளுக்கு 2–2 என்று புள்ளி போட்டுப் போட்டியை நடத்தி முடித்தார்கள். ஜெர்மனி முதலிடம், அரைப் புள்ளி வித்தியாசத்தில் போலந்து இரண்டாமிடம்.

போட்டி முடிந்தது. வீட்டுக்குத் திரும்ப வழியில்லை, திரும்பினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. நிறையப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஜெர்மன் அணியின் எலிஸ்காசஸ், ஸ்வீடனின் ஸ்டால்பெர்க், போலந்தின் ஃபிரிட்மன், பெண்கள் உலகப் பட்டத்தில் வேரா மென்சிக்குக்கு அடுத்து வந்த சோன்யா கிராஃப் என்று நீளும் வரிசை அது. கிராஃப் அங்கே எந்த நாட்டுக் கொடியின் கீழும் ஆடவில்லை, 'சுதந்திரம்' என்ற பெயரில் ஆடினார்.

அந்த வரிசையில் போலந்து யூதரான நைடார்ஃபும் இருந்தார். (நம் ஊரில் நஜ்டார்ஃப் என்றும் சொல்வார்கள், சிசிலியன் என்ற திறப்பை ஆடுபவர்கள் தினமும் உச்சரிக்கும் பெயர்.) மனைவி, மகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் போலந்தில் இருந்தார்கள். கடிதம் இல்லை, தகவல் இல்லை. 1943இல் ரொசாரியோ நகரத்தில் 40 பேரோடு ஒரே நேரத்தில், பலகையைப் பார்க்காமலே ஆடினார். 1947இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 45 பேரோடு.

45 பலகை என்றால் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் காய் எதுவும் இல்லை. ஒருவர் பலகை எண்ணையும் நகர்த்தலையும் வாயால் சொல்வார், நீங்கள் பதிலை வாயால் சொல்ல வேண்டும், உடனே அடுத்த பலகை. தொடக்கத்தில் 1,440 காய்களின் இடமும் தலைக்குள் இருக்க வேண்டும். நைடார்ஃப் அப்படி 23 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து 39 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி என்று முடித்தார். சாதனை வேண்டும் என்பதல்ல அவர் கணக்கு. உலகச் செய்தித்தாள்களில் பெயர் வந்தால், எங்கோ உயிரோடிருக்கும் உறவினர் யாராவது பார்த்து, தன்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. எல்லோரும் கொல்லப்பட்டிருந்தார்கள். வகுப்பில், சிசிலியனில் அவர் பெயர் தாங்கிய நைடார்ஃப் வேரியேஷனை எடுக்கும்போது இதைச் சொல்லாமல் நகர்த்தல்களை மட்டும் சொல்லிக்கொடுக்க என்னால் முடிவதில்லை.

அவர் அர்ஜென்டினக் குடிமகனாகி மிகெல் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1950, 1952, 1954 என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பியாட்களில் அர்ஜென்டினாவுக்கு வெள்ளி. 1953இல் உள்ளூர்ப் பையன் ஆஸ்கார் பன்னோ உலக ஜூனியர் சாம்பியன். 1955இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் நைடார்ஃப், பன்னோ, பில்னிக் மூவரும் சேர்ந்து தயாரித்த ஒரே புதிய உத்தியை, ஒரே நாளில், மூன்று சோவியத் ஆட்டக்காரர்களுக்கு எதிராக ஆடினார்கள். அந்த மூவரில் கெல்லர் குதிரையைப் பலிகொடுத்துப் பன்னோவை உடைக்க, மற்ற இரண்டு பலகைகளிலும் அதே அடி விழுந்தது. மூவரும் தோற்றார்கள். ஆனால் உலகத்துக்கே சவால் விடும் அணியாக ஒன்றுசேர்ந்து யோசித்தவர்கள் அவர்கள் என்பதற்கும் அந்த நாளே சாட்சி.

மெக்சிகோவில் பெரிய ஆட்டக்காரர் யாருமில்லையா?

கார்லோஸ் தோரே. யூகதான் மாநிலத்தின் மேரிதாவில் 1904இல் பிறந்தவர். 1925இல் மாஸ்கோவில், முன்னாள் உலக சாம்பியன் லாஸ்கருக்கு எதிராக அவர் ஆடியது 'காற்றாலை' என்று பெயர்பெற்ற ஆட்டம். தோரே தம் ராணியையே வெட்டக் கொடுத்தார். பிறகு ரூக் செக் சொன்னது, ராஜா மூலைக்கு ஒதுங்கியது. ரூக் விலகி ஒரு காயை வெட்ட, பின்னால் நிற்கும் பிஷப் செக் சொன்னது. ராஜா திரும்பி வர, ரூக் மறுபடி செக். சுற்றிச் சுற்றி இதே. இரண்டு சிப்பாய், ஒரு பிஷப் என்று வாரிக்கொண்டு, கடைசியில் ராணியையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமே மனநலம் குலைந்து, 22 வயதுக்குள் போட்டிகளை விட்டுவிட்டார். 1977இல் செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தார்கள், 1978இல் இறந்தார்.

சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்துச் சிறுவன் பொமாரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அர்தூரோ பொமார், மல்யோர்கா தீவுக்காரர். 1944இல் ஹிஹோனில், 12 வயதில், உலக சாம்பியன் அலெகைனோடு டிரா செய்தார். உள்நாட்டுப் போரால் நொந்திருந்த நாட்டில் அரசாங்கத்துக்குக் காட்டிப் பெருமைப்பட ஒரு சிறுவன் கிடைத்தான். ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வளர்ந்த பிறகு ஆதரவு வற்றிவிட்டது, தபால் துறையில் வேலை பார்த்தபடி ஆடினார். 1962இல் ஸ்டாக்ஹோமில் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் போய் அமெரிக்காவின் பாபி ஃபிஷரோடு டிரா செய்தார். அதே வருடம் கிராண்ட்மாஸ்டர் ஆனார், ஸ்பெயினின் முதல் கிராண்ட்மாஸ்டர். திறமையான பிள்ளையைப் பார்த்ததும் மாலை போட்டு ஃபோட்டோ எடுக்க ஓடுகிறவர்கள் எல்லோரும் பொமாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரட்சிக்குப் பிறகு கியூபாவில் என்ன நடந்தது?

செஸ்ஸை அரசாங்கமே தோளில் தூக்கிக்கொண்டது. அர்ஜென்டினாவில் பிறந்த சே குவேரா அமைச்சராக இருந்தபடியே ஆடுவார், போட்டிகளுக்குத் துணை நிற்பார். 1962இல் தொடங்கிய கபபிளாங்கா நினைவுப் போட்டியை முதலில் வென்றவர் நைடார்ஃப். 1965இல் ஃபிஷர் ஹவானா போக அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. அவர் நியூயார்க்கில் மார்ஷல் செஸ் கிளப்பில் உட்கார்ந்து டெலெக்ஸ் வழியாக நகர்த்தல்களை அனுப்பி முழுப் போட்டியையும் ஆடினார். அடுத்த வருடம் ஹவானாவில் ஒலிம்பியாட் நடந்தபோது நேரிலேயே வந்தார். அந்த நவம்பர் 19, கபபிளாங்காவின் பிறந்தநாள். புரட்சிச் சதுக்கத்தில் 6,840 பலகைகளைப் போட்டு ஒரே நேரத்தில் ஆடினார்கள்.

ஆனந்துக்கும் ஸ்பெயினுக்கும் என்ன தொடர்பு?

நம் சென்னைக்காரர் பல வருடங்கள் குடியிருந்தது மாட்ரிட்டுக்கு வெளியே, மலையடிவாரத்தில் உள்ள கொயாதோ மெதியானோ என்ற சிற்றூரில். ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போய்வர வசதி, பயிற்சிக்கு அமைதி. ஸ்பானியமும் பேசக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் உலகத்தின் மிகக் கடினமான போட்டி நடந்ததும் ஸ்பெயினில்தான். ஆந்தலூசியாவின் பழைய ஈயச் சுரங்க ஊரான லினாரெஸில், லூயிஸ் ரெந்தேரோ என்ற வியாபாரி 1978இல் தொடங்கியது. அவருக்குச் சீக்கிரம் கைகுலுக்கி டிரா செய்பவர்களைக் கண்டால் ஆகாது. ஆனந்த் 1998இல் அதை வென்றார். பிறகு பாதிப் போட்டி மெக்சிகோவின் மொரேலியாவிலும் பாதி லினாரெஸிலும் நடந்தபோது 2007, 2008 இரண்டு வருடமும் வென்றார். 2007 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் உலகப் பட்டம்.

அதற்கு முன்பே, 1987இல், செவில் நகரத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவ் கடைசி ஆட்டத்தை வென்றால்தான் பட்டம் தங்கும் என்ற நிலையில் கார்போவை வென்று 12–12 என்று சமன் செய்த நாளில், ஸ்பெயின் தொலைக்காட்சியில் அதை நேரடியாகக் காட்டினார்கள். அல்ஃபோன்சோ மன்னரின் சுவடி எழுதிமுடிக்கப்பட்ட அதே செவில்.

பெருவின் விவசாயி கிராண்ட்மாஸ்டர் என்பது உண்மையா?

உண்மை. ஹூலியோ கிராந்தா, அரெகிப்பா மாகாணத்தின் கமானாக்காரர். திறப்புகளை மனப்பாடம் செய்யும் பழக்கமில்லாமல் சொந்த யோசனையில் ஆடுவதற்குப் பெயர்போனவர். நடுவில் சில வருடம் செஸ்ஸை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார், திரும்பி வந்தும் பலம் குறையவில்லை. 2017இல் 50 வயதுக்கு மேற்பட்டோருக்கான உலகப் பட்டம் வென்றார்.

இப்போது யாரைக் கவனிக்கலாம்?

பியூனஸ் அயர்ஸில் 2013இல் பிறந்த ஃபவுஸ்தினோ ஓரோ. 2020இல் கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது கற்றுக்கொண்டவன். குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போய், 2024 ஜூனில், 11 வயது நிரம்பும் முன்பே, அதுவரை உலகத்தில் யாரும் ஆகாத இளம் வயதில் கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த பட்டமான இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனான். அவன் ஆட்டங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒன்றைப் பலகையில் ஆடிப்பாருங்கள். அவன் எதிராளியின் நகர்த்தல் வந்ததும் உடனே அடுத்ததைப் பார்க்காமல், நீங்கள் இருவரும் என்ன ஆடியிருப்பீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.